மூன்று நாட்களும் மூன்று மாதங்களும்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலை விடுதியில் தங்கியிருந்த பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்ட சம்பவம் நாட்டையே அதிர்ச்சிக்குள்ளாக்கியது. வைத்தியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். பாராளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. சந்தேகநபர் சில தினங்களுக்குள் கைதுசெய்யப்பட்டார். வைத்தியசாலைகளின் பாதுகாப்புக் குறித்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இவை அனைத்தும் அவசியமானவையே. ஆயினும், இத்தகைய குற்றத்துக்கு ஆளான ஒருவர் அதன் பின்னர் கழிக்க வேண்டியிருக்கும் நாட்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

1996 இல் கைதடிச் சோதனைச்சாவடியில் காணாமற்போன பாடசாலை மாணவிக்காகவும், 2015 இல் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவிக்காகவும் எமது சமூகம் ஒன்றுதிரண்டு குரல்கொடுத்தது. புங்குடுதீவு வழக்கில் 2017 செப்டெம்பரில் மேல் நீதிமன்றத்தின் மூவரடங்கிய விசேட அமர்வு எழுவருக்கு மரணதண்டனை விதித்தபோது, நீதி கிடைத்துவிட்டதென ஆறுதலடைந்தோம். மாண்டவர்களுக்காக அழுவதற்கு நாம் அறிவோம். ஆனால், குற்றத்துக்கு ஆளாகியும் உயிரோடிருப்பவர்களை என்ன செய்வதென்பது இன்றுவரை எமக்குத் தெரியாத ஒன்றாகவே இருந்து வருகின்றது.

உயிர் தப்பியவரின் அச்சங்கள் பல. கர்ப்பம் தரித்துவிடுமோ என்பது ஓர் அச்சம். அயலவர் அறிந்துவிடுவார்களோ என்பது மற்றோர் அச்சம். வழக்கு, பொலிஸ், நீதிமன்றம் என்பன வேறோர் அச்சம். இவற்றோடு, வெளியே சொல்லப்படாத அச்சமொன்றும் உண்டு. தன் உடலில் ஏதேனும் நோய் தொற்றியிருக்குமோ என்பதே அது. இதனை வாய்விட்டுக் கேட்பதாயின் நடந்தது முழுவதையும் சொல்லியாக வேண்டும். எனவே, அக்கேள்வி நள்ளிரவில் தூக்கமின்றிப் புரளும் ஒருவரின் மனதிலேயே தங்கிவிடுகின்றது. பரிசோதனைக்குச் செல்லவும் அச்சம், செல்லாதிருக்கவும் அச்சம் என்ற இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையே அவருடையது.

இவ்வச்சத்தின் வேர் உடலில் மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை. பரிசோதனை என்ற சொல்லே எமது வீடுகளில் தீர்ப்பு என்ற பொருளைத் தந்துவிட்டது. பெண்ணின் தூய்மையை நிரூபிப்பதற்காக நெருப்பு மூட்டப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கன்னித்தன்மையைச் சோதித்தறியலாம் என்ற மூடநம்பிக்கை படித்தவர்களிடமும் இன்னும் மறைந்துவிடவில்லை. அத்தகைய சோதனைக்கு எவ்வித விஞ்ஞான அடிப்படையும் இல்லையென்றும், அது மனித உரிமை மீறலென்றும், அதனை ஒழிக்க வேண்டுமென்றும் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஏனைய முகவரகங்களும் 2018 ஒக்டோபரில் கூட்டாக வலியுறுத்தின என்பது இங்கு குறிப்பிடத்தக்கதாகும்.

தொற்றைக் கண்டறியும் பரிசோதனை இதனின்றும் முற்றிலும் வேறானது. அது ஒழுக்கத்தை அளக்கும் கருவியன்று. நாய் கடித்தவருக்கு ஊசி போடும் வைத்தியர் கடிபட்டவரின் நடத்தையை ஆராய்வதில்லை. அவ்வாறே, கிருமி புகுந்ததா, புகுந்திருப்பின் அதற்கான மருந்து யாது என்பதை மட்டுமே இரத்தப் பரிசோதனை கூறும். அதன் முடிவு பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அதனைக் கணவனுக்கோ, மாமியாருக்கோ, ஊருக்கோ உரிய சான்றிதழாகக் கருதுவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. இவ்வேறுபாட்டை எமது சமூகம் விளங்கிக்கொண்டாலே இந்த அச்சத்தின் பாதி நீங்கிவிடும் எனலாம்.

இவ்விடயத்தில் அறிந்திருக்க வேண்டிய காலஅளவுகள் இரண்டு. ஒன்று, சிகிச்சைக்குரிய மூன்று நாட்கள். மற்றையது, பரிசோதனைகளுக்குரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள். முதலாவது விரைவை வேண்டுவது. இரண்டாவது பொறுமையை வேண்டுவது. எமது நாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நிகழ்கின்றது. விரைய வேண்டிய நாட்களில் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கின்றது. பொறுத்திருக்க வேண்டிய மாதங்களில் பாதிக்கப்பட்டவர் பதற்றத்தால் உருக்குலைந்து போகின்றார்.

முதலில் மூன்று நாட்களை நோக்குவோம். எச்.ஐ.வி. கிருமி உடலினுள் புகுந்திருக்கக்கூடும் என்ற நிலையில், அது நிலைகொள்வதற்கு முன்னரே தடுக்கும் மருந்துகள் உள்ளன. டெனோபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் போன்றவை அடங்கிய இம்மருந்துத் தொகுதியைச் சம்பவம் நிகழ்ந்து 72 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பித்து 28 நாட்கள் தொடர்ச்சியாக உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவாக ஆரம்பிக்கின்றோமோ அவ்வளவுக்குப் பயன் அதிகம். ஈரலழற்சி பி நோய்க்கும் விரைந்து ஏற்றப்படும் தடுப்பூசி பாதுகாப்பளிக்கும். இலங்கையின் தேசிய நிர்ப்பீடனத் திட்டத்தில் 2003 முதல் படிப்படியாக இத்தடுப்பூசி சேர்க்கப்பட்டமையால், இளம் வயதினர் பலர் குழந்தைப் பருவத்திலேயே அதனைப் பெற்றிருப்பர். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் ஆகியன உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் முற்றாகக் குணப்படுத்தக்கூடியவை. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையையும் தாமதமின்றி உட்கொள்ள வேண்டும். ஐந்து நாட்கள் வரையில் அதற்கு ஓரளவு பயன் உண்டெனினும், நாள் செல்லச்செல்ல அது குறையும்.

இம்மூன்று நாட்களும் வீணாவதற்குரிய பெருங்காரணம், பொலிஸில் முறைப்பாடு செய்யாமல் வைத்தியசாலைக்குப் போக முடியாது என்ற தவறான எண்ணமாகும். குற்றத்தை நிரூபிப்பதற்குச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை இன்றியமையாதது. அதற்காகவே குளிப்பதற்கு முன்னரும் உடைகளைத் துவைப்பதற்கு முன்னரும் வைத்தியசாலையை நாட வேண்டுமென்றும், உடைகளைப் பொலித்தீன் பையிலன்றிக் கடதாசிப் பையில் வைக்க வேண்டுமென்றும் அறிவுறுத்தப்படுகின்றது. ஆனால், சிகிச்சைக்கு முறைப்பாடு முன்நிபந்தனையன்று. தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை உட்பட நாடெங்கும் இயங்குகின்றன. அங்கு எவருடைய கடிதமுமின்றி நேரடியாகச் செல்லலாம். சேவை இலவசமானது, இரகசியம் பேணப்படுவது விதி. இரவு வேளையாகவோ விடுமுறை தினமாகவோ இருப்பின் அண்மையிலுள்ள பெரிய அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை நாடலாம். பல வைத்தியசாலைகளில் இயங்கும் ‘மித்துரு பியச’ எனப்படும் நட்பு நிலையங்களும் வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்டவையாகும்.

72 மணித்தியாலங்கள் கடந்துவிட்டவர்களின் நிலை என்ன? வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று, எசமானனின் கொடுமைக்கு ஆளாகி, மாதங்கள் கழிந்து நாடு திரும்பும் சகோதரியை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புத்தளத்திலும் அத்தகையோர் இல்லையென எவரும் சொல்ல முடியாது. அவர்களுக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. தடுப்பு மருந்துக்குரிய வேளை கடந்திருப்பினும் பரிசோதனைக்கும் சிகிச்சைக்குமுரிய வேளை ஒருபோதும் கடந்துவிடுவதில்லை. ஒருவேளை எச்.ஐ.வி. தொற்றியிருந்தாலுங்கூட, நாள்தோறும் மருந்தெடுத்து நீண்டகாலம் வாழவும், மணம் புரியவும், தொற்றற்ற குழந்தையைப் பெற்றெடுக்கவும் இன்று முடிகின்றது. தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடென 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தால் இலங்கை அங்கீகரிக்கப்பட்டமை இதற்குத் தக்க சான்றாகும்.

அடுத்து மூன்று மாதங்களை நோக்குவோம். பரிசோதனை செய்த அன்றே பதில் ஏன் கிடைப்பதில்லை என்பது பலருக்குப் புரிவதில்லை. கிருமி உடலினுள் புகுந்த மறுகணமே இரத்தத்தில் தென்படுவதில்லை. அது பெருகுவதற்கும், உடல் அதற்கெதிரான பொருட்களை உற்பத்தி செய்வதற்கும் காலம் எடுக்கும். எனவே, முதல் நாளில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை, சம்பவத்துக்கு முந்திய நிலையையே காட்டும். அதில் தொற்றில்லை என வந்தால் இறுதி விடுதலை கிடைத்ததாகக் கருதவும் கூடாது. தொற்றுண்டு என வந்தால் அது அச்சம்பவத்தால் வந்ததென்று முடிவுகட்டவும் கூடாது.

கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றை ஏறத்தாழ இரு வாரங்களில் கண்டறியலாம். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரையில் ஆய்வுகூடங்களில் இன்று பயன்படுத்தப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைகள் ஆறு வாரங்களின் பின் மிகுந்த நம்பகத்தன்மை கொண்டவை. விரல் நுனியில் துளி இரத்தமெடுத்துச் செய்யும் துரிதப் பரிசோதனைகளுக்கு மூன்று மாதங்கள் தேவை. சிபிலிஸுக்கும் மூன்று மாதங்கள் வரை பார்த்திருத்தல் வழக்கம். ஈரலழற்சி நோய்களுக்கு மட்டும் சில வேளைகளில் ஆறு மாதங்கள் செல்லக்கூடும். தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு இந்நாட்கள் சற்றுத் தள்ளிப்போகும். தமக்குரிய நாட்களை வைத்தியரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்வதே அறிவுடைமை.

இக்காத்திருப்பின் கொடுமை சாமானியமானதன்று. அச்சமுற்ற மனம் உடலிலும் நோயைக் காட்டும். தூக்கமின்மை, வியர்வை, தொண்டை வறட்சி, வயிற்றுக் குழப்பம், களைப்பு ஆகியவை பதற்றத்தின் விளைவுகள். ஆனால், கைத்தொலைபேசியை எடுத்து இணையத்தில் தேடினால் இவையே எச்.ஐ.வி.யின் அறிகுறிகளாகவும் அங்கே காட்சியளிக்கும். தேடத்தேட அச்சம் பெருகும். பெருகிய அச்சம் மீண்டும் தேடச்செய்யும். வாரந்தோறும் தனியார் ஆய்வுகூடத்துக்குச் சென்று பணத்தைச் செலவிடுவோரும் உளர். உரிய நாளுக்கு முன்னர் எடுக்கப்படும் பரிசோதனை இரண்டொரு மணித்தியாலங்களுக்கே நிம்மதி தரும். உடல் அறிகுறிகளை வைத்து எச்.ஐ.வி.யை எவராலும் நிச்சயிக்க முடியாது. உரிய நாளில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை ஒன்றே அதற்கு விடை தரும்.

எனவே, காத்திருக்கும் காலத்துக்கென ஓர் ஒழுங்கு தேவை. குறித்த நாட்களில் மட்டுமே பரிசோதனை. இடையில் எழும் சந்தேகங்களை எழுதிவைத்து வைத்தியரிடம் கேட்டல். இணையத் தேடலை நிறுத்தல். நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு உறக்கம். பதற்றம் மேலிடும்போது மெதுவாக மூச்சை உள்ளிழுத்து அதனிலும் மெதுவாக வெளிவிடுதல். முடிவைப் பெறச் செல்லும் நாளில் துணைக்கு ஒருவர். இவை எளிய காரியங்களாகத் தோன்றலாம். ஆனால், தனது கட்டுப்பாட்டிலிருந்து யாவும் பறிக்கப்பட்ட ஒருவருக்கு, தன் நாளைத் தானே ஒழுங்கு செய்வதென்பது இழந்த அதிகாரத்தின் ஒரு பகுதியை மீட்பதற்கு ஒப்பானதாகும்.

எண்களும் ஓரளவு ஆறுதல் தரும். எச்.ஐ.வி. உள்ள, அதற்குச் சிகிச்சை பெறாத ஆணொருவருடன் நிகழும் ஒரு தடவை யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் சாத்தியம் சராசரியாக 10,000 இல் 8 என மதிப்பிடப்படுகின்றது. இலங்கையில் வயதுவந்தோரிடையே இத்தொற்றுள்ளோரின் விகிதமோ நூற்றுக்கு 0.1 இலும் குறைவு. வன்முறையால் ஏற்படும் காயங்களும், தாக்கியவர்கள் பலராயிருத்தலும் இச்சாத்தியத்தை அதிகரிக்கச் செய்யும் என்பது உண்மையே. ஆகையால் எண்கள் ஆறுதலுக்குரியனவேயன்றி அலட்சியத்துக்குரியன அல்ல. அவற்றைக் காட்டி மருந்தை மறுப்பதும் தவறு; “ஒன்றும் வராது” எனப் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதும் தவறு.

28 நாள் மருந்தை முழுமையாக எடுப்பதிலும் இதே பிரச்சினை உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான மீளாய்வொன்றின்படி, பாலியல் வன்முறையின் பின் இம்மருந்தை ஆரம்பித்தோரில் நூற்றுக்குச் சுமார் 40 பேரே அதனை முடித்திருந்தனர். குமட்டல், தலைவலி, களைப்பு போன்ற பக்கவிளைவுகள் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு மாத்திரையும் அச்சம்பவத்தை நினைவூட்டுகின்றது என்பதையும், மருந்துப் போத்தலை வீட்டாரின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க வேண்டியிருக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உண்மையறிந்த ஒருவர் வீட்டில் இருந்து, ஒரு குவளை தண்ணீரை எடுத்துக் கொடுத்தால் அம்மருந்து தடையின்றி உட்செல்லும். ரமழான் மாதமாயின், நாளொன்றுக்கு ஒருவேளை எடுக்கும் மருந்தை ஸஹர் வேளையிலோ நோன்பு திறந்த பின்னரோ உட்கொள்ளலாம். நோயுற்றோருக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதும் யாவரும் அறிந்ததே.

1960 களில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை அன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மழைநாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறி நிலைகுலைந்து வீடு திரும்பும் மாணவியை, அவளது தாய் முதலில் அடித்துப் பின்னர் அவள் தலையில் நீரூற்றி, நீ தூய்மையானவள் எனக் கூறி அணைத்துக்கொள்வாள். இன்றைய வைத்தியர், வன்முறைக்குள்ளானவரை அவ்வாறு உடனே குளிப்பாட்டுதல் ஆகாதென்றே சொல்வார். ஆயினும் அத்தாய் சொன்ன வார்த்தை மருந்துக்கு நிகரானது. எமது வீடுகளில் இன்று நிகழ்வதோ பெரும்பாலும் இதற்கு மாறானது. அடி உண்டு, அணைப்பு இல்லை. “ஏன் அங்கே போனாய்?” என்ற கேள்வி உண்டு, “வா, வைத்தியரிடம் போவோம் பிள்ளை” என்ற வார்த்தை இல்லை.

சமயத்தின் பெயராலும் இவ்விடயத்தில் குற்றஞ்சாட்டுவதற்கு இடமில்லை. நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது பாவம் சாராது என்பது இஸ்லாமிய சட்டவியலின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. இந்து, கிறிஸ்தவ அறநெறிகளும் கொடுமையைச் செய்தவனையே பாவியென்று கொள்கின்றன. நாட்டின் சட்டமும் அவ்வாறே. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், உடலில் காயங்கள் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இருந்தால்தான் சம்மதமின்மை நிரூபணமாகும் என்பதில்லையெனத் தெளிவாகக் கூறுகின்றது. பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் உரையாற்றுவோர் ஆண்டுக்கொரு தடவையாவது இதனை எடுத்துரைத்தால், எத்தனையோ பெண்களின் தனிமை நீங்கும்.

பாதிக்கப்படுவோர் பெண்கள் மட்டுமல்லர். சிறுவர்களும் ஆண்களும் இக்கொடுமைக்கு ஆளாகின்றனர். அவர்களுடைய வெட்கம் இன்னும் ஆழமானது. தொற்று ஏற்படும் சாத்தியமும் குதவழித் தாக்குதலில் பன்மடங்கு அதிகமாகும். ஆண்பிள்ளைக்கு என்ன நேர்ந்துவிடப் போகின்றதென எண்ணும் பெற்றோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். சிறுவர்கள் தொடர்பில் 1929 என்ற இலக்கத்துடனும், பெண்கள் தொடர்பில் 1938 என்ற இலக்கத்துடனும் தொடர்புகொண்டு உதவி கோரலாம்.

அரசின் கடமைகளும் இங்கு கேள்விக்குள்ளாகின்றன. எந்த நாளில், எந்த வேளையில் வந்தாலும் தடுப்பு மருந்தின் முதல் வேளையேனும் எல்லா அரச வைத்தியசாலைகளிலும் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். இம்மருந்தை வைத்தியர் அல்லாத பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்களும் சமூக மட்டத்தில் வழங்கலாமென 2024 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்துள்ளது. தோட்டப்புறங்களுக்கும் தீவகத்துக்கும் எல்லைக் கிராமங்களுக்கும் இது பெரிதும் பொருந்தும். தமிழ் பேசும் பெண்ணொருவர் தனது துயரைத் தமிழிலேயே சொல்லி, விளக்கத்தையும் தமிழிலேயே பெறுவதற்கு வழிசெய்யப்பட வேண்டும். உரைபெயர்க்கவென்று அயலவரையோ சிற்றூழியரையோ அழைக்கும் நிலையில் இரகசியம் என்பது வெறும் வார்த்தையாகிவிடும். ஒரே கதையைப் பொலிஸாரிடமும் தாதியிடமும் வைத்தியரிடமும் திரும்பத்திரும்பச் சொல்லவைப்பது இன்னொரு கொடுமையென்பதை அதிகாரிகள் உணர்தல் வேண்டும்.

பத்திரிகைகளாகிய எமக்கும் இதில் பொறுப்புண்டு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் குற்றமாகும். பெயரைத் தவிர்த்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் எழுதுவது சட்டத்தை ஏமாற்றும் செயலேயன்றி வேறன்று. தன் கதை நாளை அச்சேறுமோ என அஞ்சும் பெண், வைத்தியசாலை வாசலை மிதிக்கமாட்டாள். அவ்வகையில் நாம் எழுதும் ஒரு வரிகூட எவரோ ஒருவரின் 72 மணித்தியாலங்களைப் பறித்துவிடக் கூடும்.

இறுதியாக ஒன்று. மூன்று மாதங்கள் கழிந்து, தொற்றில்லையென உறுதியான பின்னரும் சிலருடைய அச்சம் அகல்வதில்லை. இரத்தம் தந்த பதிலை மனம் ஏற்க மறுக்கும். இன்னொரு பரிசோதனை, இன்னோர் ஆய்வுகூடம் என அவர்கள் அலைவர். இது கிருமியின் வேலையன்று. காயப்பட்ட மனதின் வேலை. கெட்ட கனவுகளும் நடுக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பயனில்லையென்ற எண்ணம் ஒருமுறையேனும் தலைகாட்டினாலோ, வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். 1926 என்ற இலக்கத்தில் உளநல ஆலோசனை பெறலாம். அது பைத்தியத்துக்குரிய மருத்துவமன்று. கால் முறிந்தவர் எலும்பு வைத்தியரிடம் போவது போன்றதே.

குற்றவாளிக்குத் தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் பணி. அதற்கு ஆண்டுகள் செல்லலாம். ஆனால், முதல் மூன்று நாட்களில் கதவைத் திறந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வதற்கும், அடுத்த மூன்று மாதங்கள் அருகிலிருந்து கேள்வி கேட்காமல் துணைநிற்பதற்கும் நீதிமன்றத்தின் கட்டளை தேவையில்லை. ஒரு தாயோ, ஒரு சகோதரியோ, ஒரு தோழியோ போதும். அந்த ஒருவர் எமது வீட்டில் இருக்கின்றாரா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வேளை இது.